ஷெத்லியின் இரண்டு வரிகள்

எங்கள் அலுவலகத்தில் ஷெத்லிக்கு 'வக்கீல்' என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. கணினி குற்றம் சொன்ன வரிகளுக்காக வாதாடுகிறவர் என்பதால் வந்த பெயர். வைத்தவன் எங்களோடு ப்ரோக்ராம் எழுதிய பிலெல். ஷெத்லியின் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவான். அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

சூஸ் நகரத்து ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டிய கட்டடத்தில் இரண்டாம் மாடி எங்களுடையது. ஓட்டல் அறைகளின் அட்டைப் பூட்டுகளுக்கு நாங்கள் ப்ரோக்ராம் எழுதினோம். கடற்கரை ஓட்டல்களில் பாதியில், வரவேற்பு மேசைக்கு அடியில் எங்கள் பெட்டிதான் இருந்தது. ஒரு நீள ரொட்டியை உள்ளே வைத்து மூடலாம், அவ்வளவுதான் அதன் அளவு. அதற்குள் லினக்ஸ் ஓடும். என் பெயர் ஹயாத். பூட்டுகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. ஷெத்லிக்கு அடுத்த மேசை என்னுடையது.

அவர் பக்கத்து ஊரான கலாவிலிருந்து தினமும் லுவாஜ் என்ற பங்கு வண்டியில் வருவார். தகப்பனார் ரயில்வேயில் எலக்ட்ரீஷியன். காக்கி நிறத்தில் ஒரே கோட்டு, குளிருக்கும் அதுதான், கல்யாண வீட்டுக்கும் அதுதான். ஹரிஸா மிளகாய் விழுது தடவி, டூனா மீன் வைத்த ரொட்டியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து, காலையில் பாதியும் மதியம் மீதியும் சாப்பிடுவார். கம்பெனி தொடங்கிய வருஷமே சேர்ந்தவர். பெட்டிக்குள் ஓடும் ப்ரோக்ராமின் அடிப்பகுதி முழுக்க அவர் எழுதியது.

அவருடைய முக்கியமான வேலை வெளியாட்களுக்குச் சொன்னால் புரியாது. ப்ரோக்ராமை ஒரு சோதனைக் கருவிக்குள் வைத்து ஓட்டுவோம். ப்ரோக்ராம் நினைவகத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். யாரும் எதையும் எழுதாத இடத்திலிருந்து படித்தால் கத்தும். எல்லை தாண்டி ஒரு எழுத்து படித்தாலும் கத்தும். வாங்கிய இடத்தைத் திருப்பித் தராவிட்டாலும் கத்தும். நல்ல கருவிதான், எத்தனையோ தடவை எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கத்துவதெல்லாம் உண்மையல்ல. கணினியின் சொந்த லைப்ரரியில் ஒரு சொல்லின் நீளத்தை அளக்கும் பகுதி, வேகத்துக்காக எட்டு எட்டு எழுத்தாக அள்ளிப் படிக்கும். கடைசி அள்ளலில் சொல்லுக்கு அப்பாலும் கொஞ்சம் வந்துவிடும். ஒரு கெடுதலும் இல்லை. கருவி மட்டும் அடுத்தவன் நிலத்தில் கால் வைத்துவிட்டாய் என்று கூப்பாடு போடும். அட்டை எழுதும் மிஷின் ஓர் இடத்தை நிரப்பிக் கொடுக்கும். நிரப்பியது கருவியின் கண்ணில் படாது. அதனால் யாரும் எழுதாத இடம் என்று சொல்லும்.

ஷெத்லி ஒவ்வொன்றையும் எடுத்து விசாரிப்பார். எச்சரிக்கை எங்கே வந்ததோ அந்த இடம் மட்டும் மிஞ்சும்படி ப்ரோக்ராமை வெட்டி வெட்டிச் சிறிதாக்குவார். லைப்ரரியின் மூலத்தை எடுத்துப் படிப்பார். அந்த இடத்தில் வேண்டுமென்றே ஒரு தெரிந்த எண்ணைப் போட்டுவிட்டு, விடை மாறுகிறதா என்று பார்ப்பார். வேறொரு கருவியிலும் ஓட்டிப் பார்ப்பார். எல்லாம் முடிந்து, இது பொய் எச்சரிக்கை என்று மனசு ஒப்பினால்தான் இதற்கு மட்டும் வாய் திறக்காதே என்று கருவிக்கு ஒரு விலக்கு எழுதுவார். பக்கத்திலேயே காரணமும் இருக்கும். உண்மையான தப்பு என்றால் எழுதினவன் மேசைக்குப் போய், காதோடு சொல்லிவிட்டு வருவார். ஒருத்தனையும் கூட்டத்தில் வைத்துச் சொன்னதில்லை.

ஸ்கந்தர் தலைமைக்கு வந்த பிறகு காப்பி மிஷினுக்கு மேலே ஒரு பெரிய திரை மாட்டினார்கள். அதில் எச்சரிக்கைகளின் எண்ணிக்கை சிவப்பில் தெரியும். ஸ்கந்தர் லியோனில் படித்தவர், ஷெத்லியைவிடப் பத்து வயதாவது சின்னவர். கெட்ட மனிதர் என்று அப்போது யாரும் சொல்லியிருக்க மாட்டோம். ரமலானில் எல்லாருக்கும் முன்னதாக வீட்டுக்குப் போக அனுமதி கொடுத்தவரே அவர்தான்.

அந்த வருஷம் பிரான்சிலிருந்து ஒரு பெரிய ஓட்டல் குழுமம் எங்கள் பூட்டை வாங்க வந்தது. அவர்களுடைய தணிக்கைக்காரர்கள் எச்சரிக்கைகளை எண்ணினார்கள். விலக்குகளையும் சேர்த்தே எண்ணினார்கள்.

"ஷெத்லி, நம்ம சொந்த ப்ரோக்ராம்ல விலக்கே இருக்கக் கூடாதுங்கிறாங்க," என்றார் ஸ்கந்தர். "விலக்குன்னு பார்த்தாலே, குப்பையப் பாய்க்கு அடியில தள்ளிட்டோம்னு நினைக்கிறாங்க."

"லைப்ரரில வர்றத என்ன பண்றது சார்?"

"அத விடுங்க, அது ஊருக்கே வர்றது. நம்மளோடதச் சொல்றேன்."

"நம்மளோடதுல பெரும்பாலும் மாத்தி எழுதிரலாம். ஆனா அந்த ரெண்டு லைன் மட்டும் வேண்டாம் சார். அந்தக் கலக்குற லைனு. அதுக்கு விலக்கு இருக்கட்டும். நான் வேணா அவங்ககிட்ட வந்து பேசுறேன்."

"நீங்க பேசினா வக்கீல் ஃபீஸ் கேப்பீங்க," என்று பிலெல் அங்கிருந்தே சொன்னான். எல்லாரும் சிரித்தோம். ஷெத்லியும் சிரித்தார்.

அந்த இரண்டு வரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டலில் ஒருவருக்கு அறை கொடுக்கும்போது, அட்டையில் புதிதாக ஓர் எண் எழுதப்படும். பூட்டு அந்த எண்ணுக்கு மட்டும்தான் திறக்கும். அது யாராலும் ஊகிக்க முடியாத எண்ணாக இருக்க வேண்டும். அதற்காக, வரவேற்பாளர் விசைகளைத் தட்டும் இடைவெளி, கடிகாரத்தின் நடுக்கம் என்று நிச்சயமில்லாத சங்கதிகளையெல்லாம் ப்ரோக்ராம் பொறுக்கி ஒரு பாத்திரத்தில் போட்டுக் கலக்கும். கலக்கும் வரி இரண்டு இடத்தில் இருந்தது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. ஓரிடத்தில் அது கலக்கியது வெறும் பழைய குப்பையை. இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மற்ற இடத்தில் அந்த வரி வழியாகத்தான் பொறுக்கிய அத்தனையும் பாத்திரத்துக்குள் போயிற்று. வேறு வாசல் கிடையாது. பொறுக்கிக்கொண்டு வரும் பை சில சமயம் பாதிதான் நிறைந்திருக்கும். மீதிப் பாதியில் யாரும் எதையும் எழுதியிருக்க மாட்டார்கள். வரி அதையும் சேர்த்துக் கலக்கும். கருவி கத்தியது அதற்காக. குப்பை கூடச் சேர்ந்தால் இந்த வேலைக்கு நல்லதே தவிரக் கெடுதல் இல்லை.

கடைசித் தணிக்கைக்கு முன்னால் ஷெத்லியின் மனைவி வஸீலாவுக்குச் சிறுநீரகத்தில் அறுவை. அவர் விடுப்பு போட்டுவிட்டு மனைவியைத் தலைநகர் தூனிஸுக்கு அழைத்துக்கொண்டு போனார். சிக்கலாகி, ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது. வேலை பிலெலிடம் வந்தது.

பிலெல் சோம்பேறி அல்ல. பெரும்பாலானதை ஒழுங்காகவே சரிசெய்தான். தியாகத் திருநாளுக்கு முந்தின நாள், திரையில் மிச்சம் அந்த இரண்டுதான். கஃப்சாவில் அவன் வீட்டில் ஆடு வாங்கிக் கட்டியாயிற்று. மதிய லுவாஜைத் தவறவிட்டால் ஊருக்குப் போக வேறு வண்டி கிடைக்காது. ஸ்கந்தர் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"இந்த லைன் என்ன பண்ணுது?"

"ஏதோ குப்பையச் சேர்க்குது சார். பொய் வார்னிங்னு ஷெத்லி அண்ணனே எழுதி வச்சிருக்காரு."

"குப்பைன்னா எடுத்துரு."

எடுத்தான். இரண்டு இடத்திலும். ப்ரோக்ராம் ஓடியது, அட்டை எழுதியது, பூட்டு திறந்தது. திரையில் பூஜ்யம் பச்சையாக வந்தது. ஸ்கந்தர் ஒரு பெட்டி மக்ரூத் வரவழைத்தார். பேரீச்சம்பழ இனிப்பு விரலில் ஒட்ட ஒட்ட எல்லாரும் கை தட்டினோம்.

ஷெத்லி திரும்பி வந்தபோது இளைத்திருந்தார். கோட்டு தோளில் தொங்கியது. திரையைப் பார்த்தார்.

"அந்த ரெண்டையும் என்னடா தம்பி பண்ணீங்க?"

"முடிச்சாச்சுண்ணே," என்றான் பிலெல், தலையைத் திருப்பாமல்.

வேறொரு சமயமாக இருந்தால் அவர் திறந்து பார்த்திருப்பார். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எழுந்து வெளியே போய்ப் பேசினார். அதற்கப்புறம் அந்தக் கேள்வி திரும்ப வரவில்லை. ஓட்டல் குழுமம் கையெழுத்துப் போட்டது. ஷெத்லியை ஸ்கந்தர் வேறு வேலைக்கு மாற்றினார். இனி வாதாட வழக்கு இல்லையே என்று பிலெல் சொன்னான்.

அடுத்த கோடையில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் திருட்டு நடந்தது. அல்ஜீரியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், மகள் கல்யாணத்துக்கென்று வாங்கிய நகைகளை அறையில் வைத்துவிட்டு நீச்சல் குளத்துக்குப் போயிருக்கிறது. திரும்பி வந்தால் நகை இல்லை. கதவு உடைபடவில்லை. பூட்டின் பதிவைப் பார்த்தார்கள். விருந்தினரின் சொந்த அட்டை எண்ணாலேயே காலையில் கதவு திறந்திருக்கிறது. அந்த அட்டையோ அந்த நேரத்தில் தகப்பனின் துண்டுக்குள் சுற்றி வைத்தபடி இருந்தது. அப்படியானால் யாரோ நகல் எடுத்திருக்க வேண்டும். அட்டை எழுதும் மிஷின் இருப்பது வரவேற்பு மேசையில். அந்த அட்டையை எழுதிக் கொடுத்தவன் மஹ்ரெஸ் என்ற இளைஞன். அவனைப் பிடித்தார்கள். அவன் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் ஒரு மோதிரம்கூடக் கிடைக்கவில்லை. விற்றிருப்பான் என்றார்கள்.

விசாரணை நீதிபதி எங்கள் கம்பெனியிடம் ஒரு கேள்வி கேட்டார். இரண்டு அட்டைகளுக்குத் தற்செயலாக ஒரே எண் வருமா? ஸ்கந்தர் அதைக் கொண்டுவந்து ஷெத்லியின் மேசையில் வைத்தார்.

"கட்டினவர் நீங்க. நீங்களே எழுதுங்க."

அவர் எழுதினார். கணக்குப் போட்டு, வராது என்று எழுதினார். நீதிமன்றத்துக்கும் போனார். கம்பெனி சார்பில் கூடப் போனது நான்.

மஹ்ரெஸ் ஒடிசலாக இருந்தான். ஓட்டல் சட்டையையே போட்டுக்கொண்டு வந்திருந்தான், மார்பில் பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு துளை. பேச அனுமதித்தபோது நேராக ஷெத்லியைப் பார்த்துப் பேசினான்.

"சார், ஜூன் மாசம் ஒரு ஜெர்மன்காரத் தாத்தா தண்ணியப் போட்டுட்டு மாடி மாறிப் போயிட்டாரு. தன் ரூமுன்னு நினைச்சு அட்டையப் போட்டிருக்காரு, கதவு திறந்துருச்சு. உள்ள வேற ஆளுங்க. பெரிய கலாட்டா. அது எப்படி சார் திறந்துச்சு?"

"கதவு சரியாச் சாத்தாம இருந்திருக்கும்," என்றார் ஷெத்லி.

"பச்சை விளக்கு எரிஞ்சுதுன்னு சொன்னாரு சார்."

"குடிச்சிருந்தார்னு நீங்கதானே சொன்னீங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி கேட்டார், மிஷின் தவறு செய்ய வாய்ப்பு இருக்கிறதா? ஷெத்லி சொன்னார்: "ஒரு உப்புக்கல்லக் கடல்ல போட்டுட்டு, மறுநாள் வந்து கைய விட்டா அதே கல்லு வர்ற மாதிரிங்க. வராது."

மஹ்ரெஸுக்கு ஒரு வருஷம் கொடுத்தார்கள். திரும்பும் வழியில் ஷெத்லி கடலைச் சூப்புக் கடையில் நிறுத்தச் சொன்னார். லப்லாபிக் கிண்ணத்தில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, "பாவம், சின்னப் பையன். என்ன கஷ்டமோ, இப்படிப் பண்ணிட்டான்," என்றார். அவர் அதை மனசாரத்தான் சொன்னார்.

ரமலான் வந்தது. அதே மாதத்தில் எங்கள் சர்வர்களில் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினார்கள். மறுநாள் திரையில் முந்நூற்றுச் சொச்சம் எச்சரிக்கை சிவப்பாக நின்றது. லைப்ரரிகளுக்குள் பெயர்கள் மாறிவிட்டன, பழைய விலக்குகள் ஒன்றும் பொருந்தவில்லை. ஸ்கந்தருக்கு வியர்த்துவிட்டது. மறுபடியும் ஷெத்லியைக் கூப்பிட்டார்கள்.

அவர் எப்போதும் தொடங்குகிற மாதிரியே தொடங்கினார். முதலில் இருக்கிற விலக்கு அத்தனையையும் எடுத்துவிட்டு, கருவியை அதன் இஷ்டத்துக்குக் கத்த விட்டார். பிறகு ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனார். நோன்பு நேரம், வேலை மதியத்தோடு முடிந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் பையை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஹயாத், ஒரு நிமிஷம் இரு," என்றார். "பழைய ஆளுங்க எல்லாரும் வந்திருக்காங்க. அந்த ரெண்டு பேரக் காணோம்."

"அதத்தான் அப்பவே சரி பண்ணியாச்சேண்ணே."

"விலக்கு போட்டுத்தானே சரி பண்ணியிருப்பான். நான் இப்ப விலக்க எடுத்துட்டேனே. வந்து கத்தணுமே."

அவர் கோப்பைத் திறந்தார். வரிகள் இருந்த இடத்தில் வரிகள் இல்லை. யார், என்றைக்கு, எதற்காக எடுத்தார்கள் என்பது மாற்றங்களின் வரலாற்றில் இருந்தது. பிலெல். திருநாளுக்கு முந்தின நாள். 'எச்சரிக்கைகள் நீக்கம்.'

அவர் எழுந்து போய், சோதனைக்கு வைத்திருந்த பெட்டி ஒன்றை எடுத்துவந்தார். மின்சாரத்தைப் போட்டு அட்டைகள் எழுதினார். நான் எண்களைக் குறித்தேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டார். முதல் அட்டைக்கு முதல் தடவை வந்த அதே எண். இரண்டாவதுக்கும் அதே. கடைசி வரைக்கும் அதே வரிசை. உள்ளே போகும் வாசலை அடைத்துவிட்டதால் பாத்திரத்தில் மிஞ்சியது ப்ரோக்ராம் தொடங்கும்போது லினக்ஸ் அதற்குக் கொடுக்கும் ஓட்ட எண் ஒன்றுதான். பெட்டி தொடங்கும்போதெல்லாம் அது மாறாமல் வந்தது. ஓட்டல்களிலோ தினமும் காலையில் பெட்டியை அணைத்துப் போடுவது வழக்கம். எல்லா நாளும் ஒரே வரிசையில் ஒரே எண்கள். திங்கட்கிழமை ஏழாவதாக அட்டை வாங்கினவன், செவ்வாய்க்கிழமை ஏழாவதாக வாங்கினவனின் அறையைத் திறக்கலாம். யாரும் அடுத்தவர் கதவில் தன் அட்டையைப் போட்டுப் பார்ப்பதில்லை, அதனால் தெரியவில்லை. யாரோ ஒருத்தன் போட்டுப் பார்த்திருக்கிறான்.

ஷெத்லி இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அந்தத் தாத்தா குடிச்சிருந்தார்னு சொன்னேன்ல," என்றார்.

மறுநாள் காலையில் பிலெலிடம்தான் முதலில் பேசினார். குரலை உயர்த்தவில்லை. பிலெல் எண்களைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அண்ணே, பொய் வார்னிங்னு நீங்கதானே எழுதி வச்சிருந்தீங்க. பொய்யின்னா அழிச்சா என்ன தப்பு?"

"வார்னிங்தான்டா பொய். லைன் நிஜம்."



ஸ்கந்தர் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக் கதவு, பேச்சு முழுக்க வெளியே கேட்டது.

"இன்னிக்கே திருத்தி எல்லா ஓட்டலுக்கும் அனுப்பிரலாம். வழக்கமான அப்டேட் மாதிரி. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல."

"அந்தப் பையன் உள்ள இருக்கான் சார்."

"வெளிய வரப்போறான் எப்படியும். இன்னும் கொஞ்ச மாசம்."

"அவன் பண்ணல சார்."

"பண்ணலன்னு உங்களுக்குத் தெரியுமா? எண்ணு ஒண்ணா வரும்னுதான் தெரியும். அவன் பண்ணியிருக்கவே மாட்டான்னு எப்படிச் சொல்றீங்க?"

"பண்ணான்னு கோர்ட்ல எப்படிச் சொன்னேன்? அப்படித்தான்."

"ஷெத்லி, இங்க நாப்பது குடும்பம் சாப்பிடுது. உங்க வீட்டம்மா வைத்தியமும் இதுலதான் நடக்குது. போய் முகத்தக் கழுவிட்டு வாங்க."

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டார். கோட்டை மாட்டிக்கொண்டு, மஹ்ரெஸின் வக்கீலம்மாவைத் தேடிப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாகவும் அசிங்கமாகவும் நடந்தது. அவர் தன் பழைய சாட்சியத்தைத் தானே மறுத்து எழுதிக் கொடுத்தார். கம்பெனி அவரை நீக்கியது. தொழில் ரகசியத்தை வெளியிட்டார் என்று வழக்குப் போட்டது. நீதிமன்றத்துக்குக் கம்பெனி தந்த விளக்கத்தை நான் படித்தேன். ஒரு பொய்கூட அதில் இல்லை. அட்டை எண் உருவாக்கும் பகுதியை எழுதியவர் முன்னாள் ஊழியர் ஷெத்லி. அந்தப் பகுதியில் கோளாறு இருப்பதாகச் சோதனைக் கருவி பல வருஷங்களாக எச்சரித்து வந்தது. அந்த எச்சரிக்கைகளைப் புறக்கணிக்கும்படி அவரே எழுத்தில் அறிவுறுத்தியிருந்தார். ஆதாரமாக அவர் எழுதிய விலக்குகளையே இணைத்திருந்தார்கள், அவருடைய பொறுமையான நீண்ட காரணங்களோடு. படிக்கிற யாருக்கும், முரட்டுப் பிடிவாதமாக ஒரு தப்பை மூடி மறைத்த மனிதர் என்றுதான் தோன்றும். சூஸிலும் தூனிஸிலும் எங்கள் தொழிலில் இருந்த எல்லாரிடமும் அந்தக் கதை அப்படியே போய்ச் சேர்ந்தது. அவர் போன நேர்காணல்களில் காப்பி மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

மஹ்ரெஸை விடுவித்தார்கள். தண்டனைக் காலம் முடிய அதிக நாள் பாக்கி இல்லாத நேரத்தில் அது வந்தது. ஓட்டல் அவனைத் திரும்ப எடுக்கவில்லை. நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டார் மோதிரத்தை எப்போதோ திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜெர்மனும் ரஷ்ய மொழியும் சரளமாகப் பேசத் தெரிந்த பையன், அக்கா புருஷனின் டயர்க் கடையில் காற்று அடித்துக்கொண்டிருந்தான்.

ஷெத்லி அவனைப் பார்க்கப் போனார். தனியாகப் போகத் தயங்கி என்னையும் கூப்பிட்டார். மஹ்ரெஸ் எங்களை அடையாளம் கண்டுகொண்டான். ஒரு ஸ்டூலை இழுத்து எனக்குப் போட்டான்.

"உக்காருங்கக்கா." அவரிடம் உட்காரச் சொல்லவில்லை.

"தம்பி, நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"நீங்க வந்து உண்மையச் சொன்னீங்கன்னு வக்கீலம்மா சொன்னாங்க. உங்க வேலையும் போச்சாமே."

"அது பரவாயில்ல."

"பரவாயில்லன்னு நான் சொல்லணும்னு வந்தீங்களா?"

ஷெத்லி தலையாட்டினார், இல்லை என்று. மஹ்ரெஸ் ஒரு டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்தான்.

"எனக்கு நீங்க பொய் சொன்னதாக் கோபம் இல்ல சார். உங்களுக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே. எல்லாரையும் எல்லாம் கேட்டாங்க. போலீஸு, மேனேஜரு, நீங்க. ஒருத்தர் வாயிலயும் அந்த ஒரு வார்த்த வரல."

"நான் போய்ப் பார்த்திருக்கணும்."

"ஆமா," என்றான் அவன். குமிழி வந்த இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போட்டான். அடுத்த டயரை எடுத்தான். நாங்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டோம். பேருந்து நிறுத்தத்தில் ஷெத்லிக்கு மூச்சு வாங்கியது. வெயில் அதிகம் என்றார்.

ஸ்கந்தர் அந்தக் குளிர்காலத்தில் லியோனுக்குப் போனார், பெரிய பதவியில். பிலெலுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. அந்த இரண்டு வரிகளையும் திருப்பிப் போட்டோம். இரண்டு எச்சரிக்கைகளும் திரும்பி வந்தன. புதிதாக வந்த தலைவர் வேறொரு கருவி வாங்கினார். அது எல்லை தாண்டிப் படிப்பதைத்தான் பார்க்கும், எழுதாத இடத்தைப் படிப்பதைப் பார்க்காது. வேகமாக ஓடுகிறது, அமைதியாகவும் இருக்கிறது என்று பாராட்டினார்.

ஷெத்லிக்குக் கலாவில் ஓர் ஆலிவ் எண்ணெய் ஆலையில் எடை மேடைக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அறுவடைக் காலத்தில் மட்டும். வீட்டின் மேல் கடன் இருந்தது, வஸீலாவுக்கு மருந்து தொடர்ந்தது, தலைக்குமேல் கம்பெனியின் வழக்கு இருந்தது. வழக்கை வாபஸ் வாங்குகிறோம் என்று கம்பெனி ஆள் அனுப்பியது. பதிலுக்கு அவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும்: பூட்டுகளைப் பற்றி இனி எவரிடமும், எந்த நீதிமன்றத்திலும் தானாக முன்வந்து பேசமாட்டேன், பேசும் இடத்தில் இருக்கவும் மாட்டேன். மஹ்ரெஸ் வெளியே வந்துவிட்டான், வேறு யாருக்காகப் பேசப்போகிறோம் என்று நினைத்திருக்கிறார். போட்டுவிட்டார்.

போன நவம்பர் வாக்கில் கைரவான் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி அவரைத் தேடி ஆலைக்கு வந்தாள். பெயர் மப்ரூகா. இன்னோர் ஓட்டலில் அறை சுத்தம் செய்தவள். மஹ்ரெஸைப் பிடித்த அதே கோடையில் அங்கேயும் ஓர் அறையில் பொருள் காணாமல் போய், சரியான அட்டையால் கதவு திறந்ததாகப் பதிவு சொல்லி, அவளை வேலையைவிட்டுத் துரத்தியிருக்கிறார்கள். போலீஸ் வரை போகவில்லை. திருடி என்ற பெயர் மட்டும் ஊர்வரைக்கும் அவள் கூடவே வந்துவிட்டது. மஹ்ரெஸ் கதை எப்படியோ காதில் விழுந்து வந்திருக்கிறாள்.

"அண்ணே, அந்த மிஷின் தப்புப் பண்ணுமா பண்ணாதா? அத மட்டும் சொல்லுங்க," என்று கேட்டாளாம்.

ஷெத்லி அவளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். என்னால் சொல்ல முடியாதும்மா என்றார். அவள் தேநீரைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மணி அடித்தது. திறந்தால் தலைத்துண்டைப் பல்லில் கடித்தபடி ஒரு பெண் நின்றாள்.

"நீங்கதான் ஹயாத் அக்காவா? ஒருத்தர் கூட்டிட்டு வந்து வீட்டக் காட்டினாரு. தான் யாருன்னு சொல்லக் கூடாதுன்னாரு."

தெருவுக்கு எதிர்ப்பக்கம் மூடிக்கிடந்த மருந்துக் கடை வாசலில் காக்கிக் கோட்டு ஒன்று எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது. நான் மப்ரூகாவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அன்றைக்குச் சோதனையில் மாறாமல் வந்த எண்களைக் குறித்தது என் கை. நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. நீ வழக்குப் போடு, நான் வந்து பேசுகிறேன் என்று சொன்னேன். பேசினால் என் வேலை என்னாகும் என்று எனக்குத் தெரியும். அவள் அழுதாள், எனக்கு நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டபோது ஷெத்லி அங்கேயேதான் நின்றிருந்தார். அவள் தெருவைக் கடந்து அவரருகே போனதும், இருவரும் லுவாஜ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். என்ன பேசினோம் என்று அவர் அவளிடம் கேட்கவில்லை. கேட்க அவருக்கு உரிமை இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது.